பிளேக் மாரியம்மனும் நகராட்சிக் குழாயும்

1/ தாராபுரத்தில் என் கிளினிக்குக்கு வரும் ஒரு அம்மா போன வாரம் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன்னு கோயில் இருக்குதுங்களே, பிளேக்குன்னா சீக்குதானுங்க? அதுக்கு எதுக்குங்க சாமி?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ 1896-ல் பம்பாயில் பிளேக் பரவ ஆரம்பித்தது. எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வரும் பாக்டீரியா நோய். கடும் காய்ச்சல், அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம், வந்தால் பாதிப் பேருக்கு மேல் பிழைக்க மாட்டார்கள். 1898-ல் பெங்களூரு வந்தது, பிறகு கோவை. அப்போது நம்ம தாராபுரமும் கோவை மாவட்டம்தான்.

3/ அரசு 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டது. வீடு புகுந்து சோதனை, நோயாளியைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுபோவது, துணிமணியை எரிப்பது. மக்கள் கொதித்தார்கள். புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டது அதே வருஷம்தான். மதராஸ் மாகாணத்தில் நோய் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் வந்தால் கையில் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்துக் கண்காணித்தார்கள்.

4/ தடுப்பூசியும் இருந்தது. 1897 ஜனவரியில் ஹாஃப்கின் தன் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்த்தார். ஆனால் 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஒரு புட்டி கெட்டுப்போய், ஊசி போட்ட 19 பேர் டெட்டனஸில் இறந்தார்கள். ஊசி என்றாலே பயம்.

5/ அதனால் மறைத்தார்கள். எலி செத்து விழுந்தால் சொல்லவில்லை, நெறி கட்டினால் காட்டவில்லை. காட்டினால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால்தான் மறைத்தார்கள். அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே சாளை போட்டுத் தங்கினார்கள், மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார்கள். எலி இருக்கும் வீட்டை விட்டு வெளியேறியது மருத்துவப்படி மிகச் சரியான காரியம்.

6/ இங்கேதான் நகராட்சி வருகிறது. கோவை நகராட்சி 1866-ல் உருவானது. நெருக்கமான சந்து, தானியக் கிடங்கு, சாக்கடை என்று எலிக்கு ஏற்ற ஊர். கூட்டத்தைக் குறைக்க மேற்கே அகலமான வீதிகளோடு புதுக் குடியிருப்பு போட்டார்கள். இன்றைய ஆர்.எஸ்.புரம் அதுதான், நகராட்சித் தலைவர் சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் பெயரில். 1929-ல் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்தது. பிளேக் அடங்க வேறு காரணங்களும் உண்டு, புது மனையும் எல்லோருக்கும் எட்டவில்லை. ஆனாலும் யாரையும் இழுத்துப் போகாமல் செய்த சுகாதார வேலை இது.

7/ 1939-ல் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அரசு மானியம் போக மற்ற வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் நகராட்சிகள் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். குடிநீர், சாக்கடை, கழிப்பிடம் எல்லாம் உள்ளாட்சியின் கடமை. அடுத்த முறை பட்ஜெட் கூட்டம் நடக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

8/ 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. உள்ளாட்சிகள் நல்லதும் செய்தன: வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுப்பு, தெருவிலேயே காய்ச்சல் முகாம், ஊரே அடைத்தபோதும் திறந்திருந்த அம்மா உணவகம், ஒருநாள்கூட நிற்காத தூய்மைப் பணியாளர்கள். கூடவே 1897-ன் பழைய புத்தியும் வந்தது: வாசலில் ஸ்டிக்கர், சில இடங்களில் தகரம் வைத்து அடைத்தார்கள்.

9/ என்னிடம் வந்த ஒருவர் ஆறு நாள் காய்ச்சலை மறைத்திருந்தார். ஆக்சிஜன் 78. ஏன் முன்னாடியே வரலை என்று கேட்டேன். "ஸ்டிக்கர் ஒட்டிப்போடுவாங்க சார், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கோம்." அவர் பிழைக்கவில்லை. வைரஸோடு அந்த ஸ்டிக்கர் பயமும் சேர்ந்துதான் கொன்றது.

10/ அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். அன்னைக்கு மக்களுக்குப் பயப்படாமல் போய்ச் சொல்ல இருந்த ஒரே இடம் மாரியம்மன்தானுங்க. அடுத்த சீக்கு வரும்போது வார்டு கவுன்சிலர், சுகாதார ஆய்வாளர், செவிலியரிடமும் அதே மாதிரி "எனக்குக் காய்ச்சல்"னு சொல்ல முடியணும். அந்த நம்பிக்கையை நோய் வந்தபிறகு உருவாக்க முடியாது. தண்ணியும் சாக்கடையும் ஒழுங்காக இருக்கும் சாதாரண நாட்களில்தான் அது வளரும்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்க.