ஆஃபரை ஏற்றுவிட்டு வேலையில் சேராமல் விட்டால் என்ன ஆகும்? நிறுவனம் வழக்கு போட முடியுமா?

திங்கட்கிழமை காலை. லேப்டாப், ஐடி கார்டு எல்லாம் தயார். சேர வேண்டியவர் மட்டும் வரவில்லை. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். சென்னை ஓ.எம்.ஆரில் எந்த ஹெச்.ஆரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்.

ஆட்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல ஐடி நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாட்கள். ஒரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு ராஜினாமா செய்பவருக்கு, அதைக் காட்டி இன்னும் நாலு இடத்தில் பேரம் பேச மூன்று மாதம் கிடைக்கிறது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் ஊழியர்கள் வெளியேறும் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. ஆள் கிடைக்காத அந்த நேரத்தில் சம்பளம் ஏற ஏற, பின்வாங்குவதும் ஏறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆஃபரை ஏற்று கையெழுத்துப் போட்டால் பொதுவாக அது ஒப்பந்தம்தான். ஆனால் "வந்து வேலை செய்" என்று எந்த நீதிமன்றமும் ஒருவரைக் கட்டாயப்படுத்தாது. தனிப்பட்ட சேவைக்கான ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்ற வைக்க முடியாது என்பது 1963-ம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 14-வது பிரிவு.

மிஞ்சுவது நஷ்டஈடு. 'சேராவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும்' என்று எழுதியிருந்தாலும் அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது. அதற்கு மிகாமல், நியாயமான இழப்பீடு மட்டுமே என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஒருவர் சேராததற்காக கோர்ட்டுக்கு அலையும் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பதால் நிறுவனங்களும் விட்டுவிடுகின்றன.

அதற்காக பாண்டை அலட்சியமாக நினைக்க வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வேலையில் சேர்ந்த பிறகு விலகியவரின் வழக்கு; பொதுத்துறை வங்கிக்கு ஆள் எடுக்கும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. சேரும் முன்பே இடமாற்றச் செலவுக்கு முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

அப்போ சிக்கல் எங்கே?

நிறுவனத்தின் பதிவேட்டில். பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு ஏறினால், அதே இடத்தில் மறுபடி வாய்ப்பு கிடைப்பது கஷ்டம். கேம்பஸ் தேர்வு என்றால் கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல்லும், அடுத்த ஆண்டு ஜூனியர்களும் பதில் சொல்ல வேண்டிவரும். 'சும்மா சேர்ந்து பத்து நாளில் விட்டுவிடலாம்' என்பது இன்னும் மோசம்: பி.எஃப். கணக்கு தொடங்கிவிட்டால் யு.ஏ.என். எண்ணில் அந்தப் பத்து நாளும் தெரியும்.

நிறுவனங்களும் சளைத்தவை அல்ல. 2022-ல் கேம்பஸில் ஆஃபர் வாங்கிய புதியவர்கள் பலரை ஐடி நிறுவனங்கள் மாதக்கணக்கில் காக்க வைத்தன. சிலருக்கு ஆஃபரே ரத்தானது. பழைய வேலையை விட்டுவிட்டு இப்படி மாட்டிக்கொண்டவர் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் 'எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்வோம்' என்ற வரி ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மனசு மாறினால் அன்றைக்கே இரண்டு வரி மெயில் போதும். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல சார்" என்ற கதை எதற்கு? அடுத்த மாதம் லிங்க்ட்இனில் புது கம்பெனி பெயரைப் போடும்போது அதே ஹெச்.ஆர். பார்க்கத்தானே போகிறார்.