பங்கீட்டுக் காலத்துப் பந்திப் பலகாரம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பலகாரம். வரலாற்றுப் பேச்சில் பலகாரத்துக்கு என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

இங்கிலாந்தில் 'கிரம்பிள்' என்றொரு தின்பண்டம் உண்டு. நறுக்கிய பழத்தை அகன்ற தட்டில் பரப்புவார்கள். கோதுமை மாவு, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் விரல் நுனியால் பிசறி, அந்த உதிரி மாவைப் பழத்தின்மேல் தூவி, ரொட்டி அடுப்பில் வைத்து எடுப்பார்கள். மேலே மாவு பொன்னிறமாகி மொறுமொறுக்கும். கீழே பழம் குழைந்து சாறு விட்டிருக்கும். உதிர்ந்து பொடியாதல் என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். புட்டுக்கு மாவு பிசறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பக்குவத்தை விளக்க வேண்டியதில்லை. நீருக்குப் பதில் வெண்ணெய், அவ்வளவே வேறுபாடு.

இப்பண்டம் இரண்டாம் உலகப் போரின்போது பிறந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அக்கதையில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. உதிரி மாவைத் தூவிச் செய்யும் பணியாரம் ஜெர்மானியரிடம் நெடுங்காலமாக வழங்கி வந்தது. அமெரிக்கச் சமையல் நூல்களில் 1920-களிலேயே இதன் உடன்பிறப்பைக் காணலாம். ஆகவே போர் இதனைப் படைக்கவில்லை. ஓர் ஓரத்தில் கிடந்த பண்டத்தை எடுத்து நாட்டின் நடுப்பந்தியில் வைத்தது. எத்தனையோ பலகாரங்கள் இருக்க, இதனை ஏன் வைத்தது என்பதே நம் ஆராய்ச்சி.

போருக்கு முன்னர் பிரிட்டன் தனக்கு வேண்டிய உணவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கப்பலில் வரவழைத்தே உண்டு வந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அக்கப்பல்களை வேட்டையாடத் தொடங்கின. 1940 ஏப்ரலில் டென்மார்க் ஜெர்மனியின் கையில் வீழ்ந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த வெண்ணெயும் நின்றது. அதற்கு முன்னரே, 1940 ஜனவரி 8-ஆம் நாள், வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி ஆகியவற்றுக்குப் பங்கீடு வந்துவிட்டது. ஜூலையில் தேயிலையும் மார்கரினும் சமையற்கொழுப்பும் அப்பட்டியலிற் சேர்ந்தன. அளவுகள் அவ்வப்போது ஏறி இறங்கின. பெரும்பாலும் ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் வெண்ணெயும் 4 அவுன்ஸ் மார்கரினும் 8 அவுன்ஸ் சர்க்கரையும் கிடைத்தன. இரண்டு அவுன்ஸ் என்பது 57 கிராம். நம்மில் சிலர் ஒரு வேளைத் தோசைக்கே அதனைச் செலவிட்டுவிடுவோம்.

வாழைப்பழம் 1940-ன் இறுதியில் கடைகளிலிருந்து மறைந்தது. எஞ்சியவை அந்நாட்டு மண்ணில் விளையும் பழங்களே: புளிப்பு ஆப்பிள், பிளம்ஸ், வேலியோரத்துக் கருநாவல் போன்ற பிளாக்பெரி. இவற்றோடு ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டும் உண்டு. மாவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் 1942 முதல் வெள்ளை மாவு போய், தவிடு ஓரளவு கலந்த பழுப்பு மாவு வந்தது. ரொட்டியைப் போர்க்காலம் முழுவதும் பங்கிடாமல் காத்த அரசு, வெற்றி பெற்ற பின்னர் 1946 முதல் 1948 வரை அதற்கும் பங்கீடு வைக்க நேர்ந்தது. வெற்றிக்கும் விலை உண்டு போலும்!

பழமும் மாவும் உண்டு. கொழுப்பும் சர்க்கரையும் அருமை. இந்நிலையில் ஓர் இல்லத்தரசி என்ன செய்வாள்? ஆங்கிலேயர் வழிவழியாக விரும்பி உண்டது 'பை' என்னும் பழப் பணியாரம். அதற்கு மாவின் எடையில் பாதியளவு கொழுப்பு வேண்டும். நீர் தெளித்துப் பிசைந்து, உருட்டித் தேய்த்து, கிழியாமல் தட்டின்மேல் போர்த்த வேண்டும். கொழுப்பைக் குறைத்தால் மேலோடு பலகைபோல் இறுகிவிடும். கிரம்பிள் அத்தகைய பிடிவாதக்காரன் அன்று. மாவு ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும் என்ற கட்டாயமே அதற்கு இல்லை. மாவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தாலும் போதும். மாவு குறைந்தால் ஓட்ஸ், பழைய ரொட்டித் தூள் எதை வேண்டுமானாலும் கலக்கலாம்.

அக்காலத்து உணவு மந்திரியாக 1940 முதல் 1943 வரை இருந்தவர் உல்ட்டன் பிரபு. பெரிய அங்காடி நிறுவனம் ஒன்றை நடத்திப் பழகியவர். மக்களிடம் எதையும் ஆணையாகக் கூறாமல் நயமாகச் சொல்லத் தெரிந்தவர். அவருடைய இலாகாவும் பி.பி.சி. வானொலியும் சேர்ந்து 1940 ஜூனில் 'கிச்சன் பிரண்ட்', அதாவது 'அடுக்களைப் போர்முனை', என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கின. காலை 8 மணிச் செய்திக்குப் பின் ஐந்தே நிமிடம். எல்சி வாட்டர்ஸ், டோரிஸ் வாட்டர்ஸ் என்ற நகைச்சுவைச் சகோதரிகளும் அதில் தோன்றி, சிரிப்பின் நடுவே சமையல் சொல்லிக்கொடுத்தனர். ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து இதனைச் சொல்லும் எனக்கு அவர்கள்மீது சிறிது பொறாமையும் உண்டு. நான் சொல்வதைக் கேட்டு எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டப் போவதில்லை!

வீட்டுச் சமையலோடு கதை முடியவில்லை. குண்டுவீச்சில் வீடிழந்தோருக்கும் தொழிற்சாலைப் பணியாளருக்கும் மலிவாக உணவளிக்க ஊராட்சிகள் பொது உணவுச்சாலைகளை அமைத்தன. அவற்றுக்கு 'பிரிட்டிஷ் உணவகம்' என்று பெயரிட்டவர் பிரதம மந்திரி சர்ச்சில். 1943-ல் அவை இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு லட்சம் சாப்பாடு பரிமாறின. பள்ளி உணவும் பெருகியது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் கூடத்தில் ஒவ்வொரு பணியாரத்துக்கும் மாவு தேய்க்க யாரால் இயலும்? கிரம்பிளுக்கு அண்டா நிறைய மாவு பிசறினாலும் வேலை ஒன்றுதான். கைதேர்ந்த சமையற்காரரும் வேண்டியதில்லை.

இதனை நூலறிவாக மட்டும் விட மனமின்றி, நான் கற்பிக்கும் கல்லூரியில் நாற்பது மாணவர்களுக்கு ஒருமுறை போர்க்கால அளவில் செய்து பார்த்தேன். ஆப்பிள் 6 கிலோ; பழுப்பு மாவுக்கு ஈடாகச் சப்பாத்தி மாவு 1 கிலோ 800 கிராம்; வெண்ணெய் 600 கிராம்; மாவுக்கும் பழத்துக்குமாகச் சர்க்கரை 1 கிலோ 200 கிராம். நம் ஊரில் கிடைக்கும் ஆப்பிள் இனிப்பு மிகுந்தது. ஆகவே எலுமிச்சைச் சாறு பிழிந்தோம். தலைக்கு 15 கிராம் வெண்ணெய் விழுகிறது. ஒருவரின் வார வெண்ணெய், மார்கரின் பங்கில் இது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தோல் சீவி நறுக்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. மாவு பிசறுவது விரைவில் முடிந்தது. பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் ரொட்டி எடுத்தபின் தம் அடுப்பைத் தந்தார்.

முதல் தட்டில் நான் ஒரு பிழை செய்தேன். மாவு அழகாக இருக்க வேண்டும் என்று உள்ளங்கையால் அழுத்திச் சமன் செய்துவிட்டேன். வெந்து வந்தபோது அது ஓடு வேய்ந்த கூரைபோல் இறுகியிருந்தது. கரண்டியால் உடைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தட்டை ஒரு மாணவி தன் போக்கில் தூவினாள். அது நன்றாக வந்தது. தூவிய மாவில் இடைவெளி உண்டு. பழத்தின் ஆவி அதன் வழியே வெளியேற, வெண்ணெய் பூசிய துகள்கள் தனித்தனியே வறுபடுகின்றன. அழுத்தினால் ஆவிக்கு வழியில்லை.

உண்டு முடித்ததும் அதே மாணவி கேட்டாள்: "இந்தப் பங்கு எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைத்ததா, ஐயா?"

அக்கேள்விக்கு எளிய விடை இல்லை. பிரிட்டனுக்குள் பங்கீடு பெரும்பாலும் நேர்மையாகவே நடந்தது. அரச குடும்பத்துக்கும் பங்கீட்டுப் புத்தகம் உண்டு. உயர்ந்த ஓட்டல்களில் உண்ணும் செல்வர்க்கு மட்டும் ஒரு சந்து திறந்திருந்தது. 1942-ல் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கலாகாது என்று விதித்து அதனையும் ஓரளவு அடைத்தார்கள். ஆனால் அதே பேரரசின் ஆட்சியில் இருந்த வங்காளத்தில் 1943-ல் பஞ்சம் சூழ்ந்தது. மாண்டவர் தொகையை 15 லட்சம் என்றது விசாரணைக் குழு. 30 லட்சம் வரை என்பர் பின்வந்த ஆய்வாளர் பலர். தானியம் அனுப்பக் கப்பல் வேண்டும் என்று இந்திய அரசு மீண்டும் மீண்டும் கேட்டது. லண்டன் போர் மந்திரிசபை கேட்ட அளவு ஒதுக்கவில்லை. கல்கத்தாவில் முறையான பங்கீடு 1944 ஜனவரியில்தான் வந்தது. தன் நாட்டுக் குழந்தையின் தட்டில் விழும் வெண்ணெயை அவுன்ஸ் கணக்கில் எண்ணத் தெரிந்த ஆட்சிக்கு, வங்காளத்துக் குழந்தையின் அரிசியை எண்ணத் தெரியவில்லை. எண்ண மனமில்லை என்பதே பொருந்தும். இதனைச் சொன்னபோது மாணவர்கள் பேசவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பிரிட்டனில் சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரிலும், வெண்ணெய்ப் பங்கீடு 1954 மே மாதத்திலும் நீங்கின. 1954 ஜூலை 4-ஆம் நாள் இறைச்சியும் விடுபட்டு, பதினான்கு ஆண்டுப் பங்கீடு முடிந்தது. 1940-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது பதினான்கு; பங்கீடு இல்லாத அடுக்களையை அது அதுவரை கண்டதில்லை. இனிப் பை செய்யத் தடையில்லை. எனினும் கிரம்பிள் பந்தியை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தட்டுகளில் மஞ்சள் நிறக் கஸ்டர்டு ஊற்றி அதனைத் தொடர்ந்து பரிமாறினார்கள். முட்டையே இல்லாத அந்தக் கஸ்டர்டுப் பொடியோ போரைவிட மிகப் பழையது; முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக ஆல்பிரெட் பேர்ட் என்பவர் 1837-ல் செய்தது. இன்று அங்கே மாவில் பாதியளவு வெண்ணெயும், சிலர் பாதாம் பருப்பும் சேர்த்து அதே கிரம்பிளைச் செய்கிறார்கள்.