சமாதானத்துக்குப் பட்டா வேண்டும்

சமூகப்பணி படித்துவிட்டுப் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களில் வேலை தேடும் நம் விருத்தாசலம் பிள்ளைகள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1926இல் தலித் குடும்பத்தில் பிறந்து, சர்வோதய இயக்கத்தில் சேர்ந்தவர்.

1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற கீழ்வெண்மணிச் சேரியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். பண்ணையார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

அந்தக் கீழத்தஞ்சையில்தான் கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும் வேலையைத் தொடங்கினார்கள். நிலமற்றவரிடம் ‘அமைதியாக இரு’ என்பது ‘அடிமையாக இரு’ என்பதுதான். அதனால் நிலத்தைக் கேட்டார்கள். உச்சவரம்புச் சட்டத்தைப் பினாமி பெயர்களில் ஏய்த்தவர்களை எதிர்த்துப் போராடினார்கள். 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கி, பண்ணையார்களிடம் பேசி விலை முடித்து, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, தலித் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். 2008இல் இருவருக்கும் ‘மாற்று நோபல்’ எனப்படும் ஸ்வீடன் விருது கிடைத்தது.

உழைத்தவர்களுக்கே உரிய நிலத்துக்குப் பண்ணையாருக்கு விலை கொடுப்பதா? நியாயமான கேள்வி, விவாதிப்போம். ஆனால், கலவரத்துக்குப் பின் அதிகாரிகள் கூட்டும் ஒவ்வொரு சமாதானக் கூட்டத்திலும் கிருஷ்ணம்மாளின் கேள்வியையும் எழுப்புவோம்: நிலம் யார் பெயரில் இருக்கிறது?