செம்பையின் மௌனமும் கீழ் மூளை நரம்புகளும்

கல்பாத்தி அக்ரகாரங்களில் இசைப் பேச்சு எழுந்தால் செம்பை வைத்தியநாத பாகவதரின் (1896–1974) பெயர் வராமல் இராது. பாலக்காட்டை அடுத்த செம்பை கிராமத்தைச் சேர்ந்த அவரது வெண்கலக் குரல் 1930களின் இறுதியில் திடீரென அடைத்துப்போயிற்று. ஆயுர்வேத சிகிச்சைக்குப் பின்னர் அது மீண்டது. குருவாயூரப்பன் அருளே குரலைத் திருப்பித் தந்தது என்பது அவர் நம்பிக்கை. பக்தியின் வரலாறாகவே இன்றுவரை சொல்லப்படும் இந்நிகழ்வு, குரலின் வரலாற்றுக்கும் உரியது.

குரல் மூளையின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதைக் கண்கூடாகக் காட்டியவர் காலென். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், உரோமாபுரியில், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்து நரம்புகளை அவர் கட்டினார். கத்தல் நின்றது. அறிவுக்கும் பேச்சுக்கும் இதயமே இருப்பிடம் என்ற கொள்கைக்கு அது பேரிடி. அவர் கட்டிய நரம்பு நேர்வழியில் குரல்வளையை அடைவதில்லை. மார்புக்குள் இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனியையும் வலப்பக்கம் தோள்பட்டைக்குச் செல்லும் தமனியையும் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. இதனால்தான் மார்பில் தோன்றும் கட்டியும் குரலைக் கெடுக்க வல்லது.

1664இல் தாமஸ் வில்லிஸ் மூளை நரம்புகளை ஒன்பது இணைகளாக எண்ணினார். இன்றைய 9, 10, 11ஆம் நரம்புகள் அவருக்கு ஒரே இணை. 1778இல் சோமரிங் அவற்றைப் பிரித்துப் பன்னிரண்டாக்கினார். வில்லிஸின் கணக்கிலும் ஒரு நியாயம் உண்டு: அம்மூன்றும் மண்டையோட்டின் ஒரே துளை வழியே வெளியேறுகின்றன. அவ்விடத்தில் ஒரு கட்டி வளர்ந்தால் விழுங்குதல், குரல், தோள் உயர்த்துதல் ஆகிய மூன்றும் ஒருசேரக் குன்றும்.

இந்நரம்புகளின் பணியைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே விளக்கலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாவதைக் கூறுகிறது. மெல்லண்ணத்தை உயர்த்துவது பெரும்பாலும் 10ஆம் நரம்பு. அது தளர்ந்தால் காற்று மூக்கில் கசிந்து, பகரம் மகரத்தை நெருங்கும். வல்லினம் மெல்லினச் சாயல் பெறும். நாவை இயக்குவது 12ஆம் நரம்பு. அது நலிந்தால் நுனிநா வளைந்து பிறக்கும் ழகரம் குழறும். நீட்டிய நாக்கு நலிந்த பக்கமே சாயும். குரல்நாணுக்குரிய 10ஆம் நரம்பின் கிளை செயலிழந்தால் உயிரெழுத்துகளே மூச்சாகக் கரையும். இராகம் ஆலாபனை செய்யும் பாடகருக்கு இவ்விழப்பே மிகக் கொடியது.

செம்பைக்கு நேர்ந்தது நரம்புத் தளர்ச்சிதான் என்று இன்று தீர்ப்பெழுதுவது முறையன்று. அழற்சி, குரல்நாண் முடிச்சு, மிகை உழைப்பு, மன அழுத்தம் எனக் குரல் மறைவதற்குக் காரணங்கள் பல. குரல்நாணைக் கண்ணால் கண்டே அவற்றைப் பிரித்தறிய இயலும். 1854இல் சிறு கண்ணாடி கொண்டு தம் குரல்நாண்களையே நோக்கி அதற்கு வழி வகுத்த மானுவேல் கார்சியா மருத்துவர் அல்லர், பாட்டாசிரியர். குரலைப் பற்றிய அறிவு மருத்துவத்துக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை. பாடகரின் அனுபவம், இலக்கணியின் செவி, உடற்கூற்றியலாரின் கத்தி ஆகிய மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போதே செம்பையின் மௌனம் அற்புதக் கதை என்ற நிலையைக் கடந்து ஆய்வுப்பொருளாகிறது.