பூஜை அறைக்கு வராத பீங்கான்

திருமுக்கூடல் பக்கம் ஒரு வீட்டில் பீங்கான் கேட்டால் ஊறுகாய் ஜாடியைத்தான் எடுத்து வருவார்கள். உப்பும் புளிப்பும் அரிக்காத பாத்திரம். அடுக்களையில் அதற்கு நல்ல மரியாதை. பூஜை அலமாரியில் இடம் கிடையாது.

சீனத்தில் கதை வேறு. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வூ 1369இல், சடங்குப் பாத்திரங்கள் பீங்கானாக இருக்கட்டும் என்று ஆணையிட்டார். 1530இல் பலிபீடத்துக்கொரு நிறம் வகுத்தார்கள்: வானுக்கு நீலம், மண்ணுக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெள்ளை.

அந்த வெள்ளைக்கு ஊர்சுற்றும் பங்காளி ஒன்று உண்டு. ஃபூஜியன் மலைப்பகுதியில் உள்ள தெகுவாவின் களிமண்ணில் இரும்பு குறைவு. சூளையிலிருந்து வெள்ளையாகவே வரும். அங்கிருந்து சுவான்சௌ துறைமுகம். அந்த ஊர் நமக்கு அந்நியமில்லை. குப்லாய் கான் காலத்தில், 1281இல், அங்கே சிவனை எழுந்தருளச் செய்து தமிழிலேயே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், கடைசியில் ஒரு வரி சீனத்தோடு. மரக்கலத்தில் பட்டு நனையாத இடத்துக்குப் போகும். நனைந்தாலும் கெடாத, கனமான பீங்கான் அடித்தட்டுக்குப் போகும். வடகிழக்குக் காற்றில் தெற்கே இறங்கி, மலாக்கா நீரிணை தாண்டி, நம் கரைக்கு வரும். பெயரும் கடலோடியதுதான்: மலாயில் பிங்கான், பாரசீகத்திலும் பிங்கான்.

இராமநாதபுரம் கடலோரத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. பச்சை மெருகிட்ட லோங்சுவான் ஓடுகளே மிகுதி. தெகுவா வெள்ளையும் கலந்திருந்தது. எல்லாம் உடைசல். அரண்மனைக்குச் செய்த பாத்திரம் இப்படிக் கப்பலேறி விலைபோகாது. வந்தது சந்தைச் சரக்கு.

நம் சாமிக்கு வெண்கலம், செம்பு, வெள்ளி, இல்லையென்றால் புதுமண்சட்டி. இதைச் சீன அரசவையும் அறிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைப் பீங்கானில் மோகம் கொண்டவர் யோங்லே பேரரசர். அவர் பெயரால் 1409இல் பொறித்து, தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த மும்மொழிக் கல் 1911இல் காலி நகரில் அகப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தமிழ்ப்பகுதி தேனவரை நாயனார் என்னும் சாமிக்குச் செலுத்திய காணிக்கையைப் பட்டியலிடுகிறது: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய், செம்பு விளக்குகள், தூபக்கால்கள், பூச்சாடிகள். பீங்கான் ஒன்றுகூட இல்லை.