கால்குலேட்டரில் வர்க்கமூலம் பார்ப்பது எப்படி? மனைக்கு நூல் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

வீடு கட்ட முளை அடித்து நூல் கட்டும் நாளில், எல்லோரும் கவனமா பார்ப்பது நல்ல நேரத்தைத்தான். ஆனால், சுவர் நேராக வருமா, கோணலாகப் போகுமா என்பதை முடிவு செய்வது ஒரு சின்னக் கணக்கு. அதுதான் வர்க்கமூலம். பள்ளிக்கூடத்தோட மறந்துபோன இந்தக் கணக்கை, கையில் இருக்கும் கால்குலேட்டரில் எப்படிப் போடுவது? பார்க்கலாம் வாங்க.

வர்க்கமூலம் என்றால் என்ன?

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது வர்க்கம். 6 × 6 = 36. திருப்பிக் கேட்டால், 36-ன் வர்க்கமூலம் 6. கால்குலேட்டரில் √ என்ற குறி உள்ள பட்டன் இதற்குத்தான்.

வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பண்ருட்டி பக்கம் காடாம்புலியூரில் ஒருவர் 20 அடி அகலம், 30 அடி நீளத்தில் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. நாலு குச்சியில் கட்டிய சட்டத்தைத் தள்ளினால் சாய்வது போல, அளவு மாறாமலே மூலை கோணலாகலாம். அதனால்தான் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, அதாவது மூலைவிட்டத்தை அளக்கிறார்கள்.

20 × 20 = 400. 30 × 30 = 900. கூட்டினால் 1300. இதன் வர்க்கமூலம்தான் மூலைவிட்டம்: சுமார் 36.06 அடி.

எந்தக் கால்குலேட்டரில் எப்படி அழுத்தணும்?

* கடையில் வைத்திருக்கும் சாதாரண கால்குலேட்டர்: முதலில் 1300, பிறகு √. சமக்குறி தேவையில்லை.

* சயின்டிஃபிக் கால்குலேட்டர்: முதலில் √, பிறகு 1300, கடைசியில் சமக்குறி. மொபைல் கால்குலேட்டர்களிலும் பெரும்பாலும் இதே முறைதான். √ தெரியவில்லை என்றால் போனைப் படுக்கவாட்டில் திருப்பிப் பாருங்க.

பலர் தவறு செய்யும் இடம் எது?

சாதாரண கால்குலேட்டரில் 20 × 20 + 30 × 30 என்று ஒரே மூச்சில் அழுத்தினால் 12,900 என்று காட்டும். 400-உடன் 30-ஐக் கூட்டி, மொத்தத்தையும் 30-ஆல் பெருக்கிவிடும். இதைத் தவிர்க்க, 20 × 20 போட்டு 'எம் பிளஸ்', 30 × 30 போட்டு 'எம் பிளஸ்', பிறகு 'எம்ஆர்சி' அழுத்தினால் 1300 வரும். அதன்பின் √. தொடங்கும் முன் பழைய மெமரியை அழிக்க மறக்காதீங்க.

சயின்டிஃபிக் கால்குலேட்டரில் இரண்டு வர்க்கங்களையும் அடைப்புக்குறிக்குள் போடணும். இல்லையென்றால் முதல் எண்ணுக்கு மட்டும் மூலம் பார்த்துவிடும்.

இன்னொன்று, 36.06 என்பது 36 அடி 6 அங்குலம் அல்ல! புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 12-ஆல் பெருக்கினால்தான் அங்குலம். இங்கே அது முக்கால் அங்குலம்கூட வராது.

√ பட்டனே இல்லையென்றால்?

தோராயமாக ஓர் எண்ணை எடுங்க. 36 × 36 = 1296, அதனால் 36 என்று வைப்போம். 1300-ஐ 36-ஆல் வகுத்தால் 36.111. இந்த இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 36.0556. சரிபார்க்க அதே எண்ணால் பெருக்குங்க, 1300-ஐ ஒட்டி வரும்.

பழைய தமிழ்ச் செய்யுள் வழி சரியா?

வர்க்கமூலம் இல்லாமலே மூலைவிட்டம் காண, போதையனார் சொன்னதாக வழங்கும் ஒரு தமிழ்ச் செய்யுள் சமூக வலைதளங்களில் அடிக்கடி சுற்றும். நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, அகலத்தில் பாதியைக் கூட்டணும் என்பது அதன் வழி. 30-க்கு 40 மனைக்கு அது துல்லியமாக 50 அடி தருகிறது. ஆனால் 20-க்கு 30-க்கு 36.25 அடி என்கிறது. அதாவது 2 அங்குலத்துக்கு மேல் கூடுதல். இதை நம்பி நூல் கட்டினால், 20 அடி சுவரின் முனை கிட்டத்தட்ட 3 அங்குலம் விலகும். 20-க்கு 20 மனை என்றால் 9 அங்குலத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். அவசரத்துக்கு உத்தேசமா பார்க்கலாம், அஸ்திவாரத்துக்குக் கூடாது.

மனை அளவுக்கும் உதவுமா?

உதவும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட் என்றால் 2178 சதுர அடி. மனை சரியான சதுரமாக இருந்தால், √ அழுத்தினால் ஒரு பக்கம் 46.67 அடி, அதாவது 46 அடி 8 அங்குலம்.

கடைசியாக ஒரு சோதனை: நூல் கட்டியதும் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளந்து பாருங்க. இரண்டும் ஒன்றாக இருந்து, கால்குலேட்டர் சொன்ன அளவும் வந்தால் மூலை சரி. இல்லையென்றால் முளையை நகர்த்துவது அஞ்சு நிமிஷ வேலை. சுவர் எழும்பிய பிறகு அது முடியாது.