எண்ணிச் சொன்ன சொல்

ஏடிஎம் என்பதன் நடுவில் இருக்கும் 'டி', டெல்லர் என்ற சொல்லின் முதலெழுத்து. 'டெல்' என்றால் 'சொல்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு இது இடறும். பணம் கொடுக்கும் இயந்திரம் யாரிடம் என்ன சொல்கிறது?

அது சொல்வதில்லை, எண்ணுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'டெல்லன்' என்ற வினைக்கு எண்ணுதல், கணக்கிடுதல், எடுத்துரைத்தல் எல்லாமே பொருள். மந்தையை ஒவ்வொன்றாக எண்ணுவதையும், நடந்ததை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்வதையும் ஒரே வினையால் குறித்தார்கள். பங்காளி மொழிகளில் இந்தத் தடம் இன்னும் அழியவில்லை. டச்சுக்காரர்களுக்கு இன்றும் 'டெல்லன்' என்றால் எண்ணுவதுதான். முன்னால் ஓர் அசை சேர்த்தால் கதை சொல்வது ஆகிவிடும். ஜெர்மனிலும் அப்படியே. பிரெஞ்சில் எண்ணுவதற்கும் கதை சொல்வதற்கும் உள்ள வினைகள் காதுக்கு ஒன்றே, எழுத்தில்தான் வேறு. அவை இரண்டும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். நம் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரும் அந்த வீட்டுப் பெயர்தான்.

பின்னாளில் ஆங்கிலத்தில் 'கவுன்ட்' வந்து எண்ணும் வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. 'டெல்'லுக்குச் சொல்வது மிஞ்சியது. ஆனால் பழைய பொருள் மூலைமுடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அன்டோல்ட் வெல்த்' என்பதைச் 'சொல்லப்படாத செல்வம்' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். அது எண்ணி மாளாத செல்வம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் வாக்குகளை எண்ணும் உறுப்பினர்களுக்கு இன்றும் டெல்லர்கள் என்றே பெயர், பக்கத்துக்கு இருவர்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெபமாலை. மணிகளை உருட்டி ஜெபிப்பதை ஆங்கிலத்தில் மணிகளை 'டெல்' செய்வது என்பார்கள். மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லுக்கே முதலில் வேண்டுதல் என்றுதான் பொருள். எத்தனை வேண்டுதல் முடிந்தது என்று கணக்கு வைக்கக் கோத்த உருண்டைக்கு அந்தப் பெயர் ஏறிக்கொண்டது. ஆக, விரலிடுக்கில் நகரும் அந்தச் சிறு உருண்டையில் ஜெபம், எண்ணிக்கை, பேச்சு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஒரு மொழி இதைவிட அழகாகத் தன் பழசைப் பத்திரப்படுத்த முடியுமா, தெரியவில்லை.

நம் 'எண்' வேறு வழியில் போனது. எண்ணுவது தமிழில் உள்ளே திரும்பி நினைப்பதையும் குறிக்கிறது, எண்ணம் அந்த வேரில் பிறந்தது. ஆங்கிலத்தில் அதே வேலை வாய்வழியே வெளியே வந்து கதையாயிற்று. நினைப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நம் மொழிக்குத் தோன்றியிருக்கிறது என்றே நான் கொள்கிறேன்.

வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் ஈர ஸ்பாஞ்சில் விரல் தொட்டு, உதடு மட்டும் அசைய நோட்டு எண்ணிய காசாளர்களை, அதாவது டெல்லர்களை, பார்த்து வளர்ந்தவன் நான். எண்ணுவதும் முணுமுணுப்பதும் அங்கே ஒரே மூச்சில் நடந்தன. அந்த வேலை இயந்திரத்துக்கும் போயிற்று. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி ஒரு பணம் வழங்கும் இயந்திரத்தைச் சுவரில் பதித்தது. அதன் உருவாக்கத்துக்குப் பின்னால் இருந்த ஜான் ஷெப்பர்டு-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். டெல்லர் என்ற பெயர் பிறகுதான் இவ்வகை இயந்திரங்களுக்கு அமைந்தது. தமிழில் 'தானியங்கிப் பணம் வழங்கும் இயந்திரம்' என்று எழுதினோம். எண்ணுவது அதில் விட்டுப்போயிற்று. ஆனால் அடுத்த முறை பணம் எடுக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். கதவு திறப்பதற்கு முன், உள்ளே சரசரவென்று ஒரு சத்தம் வரும்.